லீவுக்கு வந்த பிள்ளை

மே மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "பையன் வந்துட்டானா?" "பொண்ணுக்கு எப்ப செமஸ்டர் முடியுது?" இங்கே அமெரிக்காவில் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு, இரண்டு மூட்டை அழுக்குத் துணியோடு பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். முதல் மூன்று நாள் ராஜ உபசாரம். நான்காம் நாள் அம்மா, "எத்தனை மணி வரைக்கும்தான் தூங்குவே?" என்று ஆரம்பிக்கிறாள். ஐந்தாம் நாள் பிள்ளை, "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லை, ஒரே போர்" என்று சொல்லிவிடுகிறது. எந்தத் தேசமானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. நானும் ஒரு காலத்தில் லீவுக்கு வந்த பிள்ளைதான். வீடு சித்தூரில், 1992 முதல் 1995 வரை படித்தது திருப்பதியில்.

சித்தூர் என்று சொன்னதும், "அப்ப நீங்க தெலுங்கா?" என்று நம் கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. ஆந்திராவில் இதே கேள்வி திருப்பிப் போட்டு வரும்: "மீரு அரவமா?" அரவம் என்றால் அங்கே தமிழ். இரண்டு பக்கத்துக்கும் நாங்கள் பாதி விருந்தாளி. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்தெடுத்து சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஜில்லா முழுவதும் அதனோடு போயிற்று. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் கொடுத்த தீர்ப்பு எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. சித்தூர் டவுன் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் ஆயா (அப்பாவின் அம்மா) திருத்தணியில் பிறந்து சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். இந்தச் சரித்திரத்தை அவள் இரண்டு வரியில் முடித்துவிடுவாள்: "கோடு போட்டாங்க. என் பொறந்தவூடு மெட்ராஸுக்குப் போச்சு, நான் இங்கயே நின்னுட்டேன்." ஆடிக் கிருத்திகைக்கு முருகனைப் பார்க்கக் கிளம்பும்போது "வெளிமாநிலம் போறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். இப்போது இன்னொரு கோடும் விழுந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கிவிட்டார்கள். இன்றைக்குத் திருப்பதியில் படிக்கும் சித்தூர்ப் பிள்ளை லீவுக்கு ஜில்லா தாண்டி வருகிறது!

திருப்பதி என்றால் உங்களுக்கு மலையும் பெருமாளும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது படிப்பு ஊர். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ல் அங்கே வந்தபிறகு, ராயலசீமைப் பிள்ளைகள் நெல்லூர்ப் பிள்ளைகள் எல்லோரும் டிரங்குப் பெட்டியோடு அங்கேதான் வந்து இறங்கினார்கள். அந்த ஊரில் மாணவனாக இருப்பதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. உறவினர்கள்! தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட மாமா எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வேண்டுதல் வந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு விடுதி வாட்ச்மேன் கதவைத் தட்டி, "மீ சுட்டாலு ஒச்சினாரு" என்பார். உங்கள் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசலில் பன்னிரண்டு பேர், ஆறு பை, அழுகிற குழந்தை ஒன்று. குளிக்க இடம், சாமான் வைக்க என் அறை, வழிகாட்ட நான்.

அலிபிரியிலிருந்து மேலே 3,550 படி. மாமாவுக்கு மூட்டு வலி, ஆனால் நடந்தே வருவதாக வேண்டுதல். முதல் ஐந்நூறு படிக்குள் மாமாவின் பை என் தோளுக்கு வந்துவிடும். ஆயிரத்தில் குழந்தை வந்துவிடும். நாளைக்குப் பரீட்சை என்று சொன்னால், "பெருமாள் பார்த்துப்பார்டா" என்பார்கள். அவரும் சுமாராகத்தான் பார்த்துக்கொண்டார். மூன்று வருடத்தில் பதினாறு முறை மலையேறினேன். என் சொந்தப் பிரார்த்தனைக்காக ஏறியது ஒரே ஒரு தடவை. அது என்ன பிரார்த்தனை என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

லட்டு தனிக்கதை. திருப்பதி லட்டுக்குப் புவிசார் குறியீடு 2009-ல்தான் கிடைத்தது. எங்கள் தெருவில் அதற்கு முன்பே அது சட்டம். திருப்பதியிலிருந்து வருகிற பையன் வெறுங்கையோடு வரலாமா? ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் பையில் பாதி இடம் லட்டுக்கு. பாடப் புத்தகங்களில் நெய்க் கறை. எங்கள் பொருளாதாரப் பாடநூலை விரித்தால் ஏலக்காய் வாசனை வரும்.

சித்தூருக்கு சுமார் எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ரயிலும் உண்டு, அது பாகாலா போய் நின்று, யோசித்து, பிறகு புறப்படும். எங்கள் வயசுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு ஒரே வழி, ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. துண்டு போட்டு உள்ளே போனால் அங்கே ஒரு பாட்டி என் துண்டின் மேலேயே உட்கார்ந்திருப்பாள். பாட்டியை எழுப்ப முடியுமா? சந்திரகிரி வரை நின்றுகொண்டே வரவேண்டும். ஜன்னல் வழியே கோட்டை தெரியும். விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் இருந்து ஆண்ட இடம் அது. ஆங்கிலேயருக்குச் சென்னையில் 1639-ல் கோட்டை கட்ட நிலம் கிடைத்த கதையில் சந்திரகிரிக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சந்திரகிரியில் யாராவது இறங்குவார்களா என்பதுதான் கவலை.

வீட்டுக்குள் நுழைந்தால் ஆயா திண்ணையிலிருந்தே, "இன்னா நைனா, இப்பிடி இளைச்சிப் பூட்ட?" என்பாள். உண்மையில் நான் இரண்டு கிலோ கூடியிருப்பேன். விடுதிப் பருப்பும் கோங்கூராத் துவையலும் அப்படி. அம்மா ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்திருப்பாள். தெலுங்கில் அதை ராகி சங்கடி என்பார்கள். பெயர்தான் சங்கடி, சாப்பிட்டால் ஒரு சங்கடமும் இல்லை.

கோடை லீவு என்றால் மாம்பழம். நம் பக்கத்தில் கிளிமூக்கு என்கிற பழத்துக்கு சித்தூரில் பெங்களூரா என்று பெயர், கடைக்காரர்களுக்குத் தோத்தாபுரி. ஜூன் பிறந்தால் கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். ஊரே புளித்த மாம்பழ வாசனை அடிக்கும். இங்கே இந்தியக் கடையில் நீங்கள் வாங்கும் மாம்பழக் கூழ் டப்பாவில் தோத்தாபுரி என்று போட்டிருந்தால், அது எங்கள் பக்கத்துப் பழமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நானும் பார்த்து வாங்குகிறேன். டப்பாவில் அந்த வாசனை வரவில்லை.

பொழுதுபோக்குக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் யுத்தம். சென்னைத் தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும்; ஹைதராபாத் தூர்தர்ஷனில் சித்ரலஹரி. மொட்டை மாடி ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பினால் ரஜினி புள்ளி புள்ளியாக வருவார். தங்கை கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம்... ஐயோ போயிடுச்சு... இப்ப நில்லு!" என்று கத்துவாள். நான் ஆன்டெனாக் கம்பியைப் பிடித்தபடி மாடியிலேயே நிற்கவேண்டும். என் கை பட்டால்தான் படம் தெளிவாக வரும். இப்படியாக, ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியில் எனக்குக் கிடைத்தது ஒலி மட்டும். அதுவும் பாதியில் கரண்ட் போகாமல் இருந்தால். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்கும் கேபிள் வந்தது. ஆன்டெனா துணி காயப்போட உதவியது.

சினிமாவில் எங்களைப்போல் அதிர்ஷ்டசாலிகள் கிடையாது. ஒரே கதையை இரண்டு பாஷையில் இரண்டு தடவை பார்ப்போம். 1994 தீபாவளிக்கு வந்த நாட்டாமையைத்தான் மறுவருஷம் மோகன்பாபு பெதராயுடுவாக எடுத்தார். அவர் திருப்பதிப் பக்கத்துக்காரர். தமிழில் விஜயகுமார் செய்த அப்பா வேஷத்தைத் தெலுங்கில் ரஜினி செய்தார். விடுதியில் பட்டிமன்றம் இல்லாத ராத்திரியே இல்லை. மன்னனும் கரானா மொகுடுவும் 1992-ல் சில மாத இடைவெளியில் வந்தவை. யார் யாரைக் காப்பி அடித்தது என்று ஒருநாள் விடிய விடியச் சண்டை. கடைசியில் கோலார்ப் பக்கத்துப் பையன் ஒருவன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இரண்டுமே எங்கள் ராஜ்குமார் படம்டா, அனுராக அரளித்து, 1986" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். அதற்குமேல் யாருக்கும் பேச வாய் வரவில்லை.

1995 பொங்கலுக்கு பாட்ஷா வந்தது. சித்தூருக்கு வரும்வரை யார் காத்திருப்பது? முப்பத்தைந்து கிலோமீட்டரில் வேலூர். நண்பன் வீட்டில் சேர்ந்து படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான்கு பேர் பஸ் ஏறினோம். டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்த காட்சிக்கும் கிடைக்கவில்லை, மூன்றாவதில் நின்றுகொண்டு பார்த்தோம். ராத்திரி வீட்டுக்குப் போனால் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு." சித்தூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் இல்லை. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள். கடன் தகராறு, களவு எல்லாம் அங்கே தீர்ந்திருக்கின்றன. பாட்ஷாவும் தீர்ந்தது. மறு வெள்ளிக்கிழமை ஆன்டெனா... இல்லை, அப்போது கேபிள். ஒரு வாரம் டிவி பக்கமே போகக்கூடாது என்று தண்டனை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் வேறு. அம்மாவின் கடிதங்கள். வீட்டில் நாங்கள் பேசியது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. அரசாங்க உத்தியோகத்துக்குத் தெலுங்கு வேண்டும் என்று அம்மா தலைமுறையிலிருந்தே அப்படித்தான். ஆகையால் அம்மா எனக்கு எழுதும் இன்லேண்டு லெட்டரில் பாஷை தமிழ், எழுத்து தெலுங்கு. என் அறைத்தோழன் நெல்லூர்க்காரன். ஒருநாள் என் கடிதத்தை எடுத்து, மளமளவென்று ஓர் எழுத்து விடாமல் வாசித்தான். வாசித்து முடித்துவிட்டு விழித்தான். "ஒரு வார்த்தை புரியலை. இது என்ன பாஷைடா?" மார்கழியில் அவன் அதே மாதிரி இன்னொரு புத்தகத்தை மளமளவென்று வாசிப்பான். தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவை! மலையில் மார்கழி மாதம் முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாள் பாசுரம்தான். அவன் பாட்டி சொல்லிக் கொடுத்து முப்பதும் அவனுக்கு மனப்பாடம், ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் பாதி தெரியும், பாட்டு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுத் தமிழன் என்று சொல்லிக்கொள்வோம்.

தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதினால் ஒரு தொல்லை. ழகரத்துக்கு இடம் கிடையாது. அம்மாவின் கடிதத்தில் மழை 'மளை'யாகவும் பழம் 'பள'மாகவும் இருக்கும். இங்கே என் மகள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் "சாப்டியா?" என்று தட்டி அனுப்பும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் வீட்டுக்கு அது பழக்கம்தான்.

ஆனால் ஆயா அப்படி விட்டுவிடுகிறவள் இல்லை. திருத்தணியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். 1950-ல் கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. புதுப் பெண்டாட்டி. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகத்தையும் பைண்டு செய்து வைத்திருந்தாள். நான்காம் பாகத்தை எதிர்வீட்டு அம்மாள் வாங்கிக்கொண்டுபோய் முப்பது வருஷமாகியும் திருப்பவில்லை. அந்தக் குறை ஆயாவுக்குக் கடைசிவரை இருந்தது.

1993 கோடையில் நான் லீவுக்கு வந்தபோது ஆயாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. மூன்றாம் நாள், பெட்டியைத் திறந்து முதல் பாகத்தை என் மடியில் போட்டாள். "படிச்சிக் காட்டு நைனா."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே ஆயா!"

"பஸ்ஸு போர்டு படிக்கிற இல்ல? அப்பிடியே படி."

வேலூர் பஸ் போர்டும் சினிமாப் போஸ்டரும்தான் அதுவரை என் தமிழ்ப் படிப்பு. பகலில் வெயில், வெளியே போக முடியாது, கரண்டும் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். தெலுங்கு படித்தவனுக்குத் தமிழ் எழுத்து பெரிய ஏமாற்று வேலை. தெலுங்கில் ககரத்துக்கு நான்கு எழுத்து தனித்தனியாக இருக்கும். தமிழில் ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாச் சத்தத்தையும் சமாளிக்கிறார்கள். எங்கே வல்லினம், எங்கே மெல்ல உச்சரிப்பது என்பது ஆயாவுக்குத்தான் வெளிச்சம். நான் தப்பாக வாசித்தால் தொடையில் ஒரு கிள்ளு. 'பழுவேட்டரையர்' வந்தால் இரண்டு கிள்ளு நிச்சயம். முதல் அத்தியாயம் முடிய மூன்று நாள் ஆயிற்று. நண்பர்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வாசலில் வந்து நின்று, நான் கிள்ளு வாங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். விடுதியிலேயே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்ததுண்டு.

இரண்டு வாரத்தில் எரிச்சல் போய், அடுத்து என்ன ஆகிறது என்ற அவசரம் வந்துவிட்டது. வந்தியத்தேவன் எங்கள் பக்கத்துப் பையன் என்று ஆயா அடித்துச் சொல்வாள். வாணர் குலத்து ஊர் காட்பாடிக்குப் பக்கத்தில் உள்ள திருவல்லம். எங்கள் சித்தூரில் நீவா என்று ஓடும் ஆறுதான் (ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், முக்கால்வாசி நாள் மணல்தான்) கீழே பொன்னை ஆறாகித் திருவல்லத்துக் கோயிலை ஒட்டிப் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. சுவாமியே ஆற்றைப் பார்த்து "நீ வா" என்று கூப்பிட்டதால் அந்தப் பெயர் வந்ததாகத் திருவல்லத்தில் சொல்வார்கள். "பாத்தியா, ஆத்துக்கு வெச்ச பேரே தமிழு" என்பாள் ஆயா. தெலுங்குக்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நீவா யாருடையது என்று இன்னொரு படாஸ்கர் வேண்டியிருக்கும்!

ஒவ்வொரு லீவுக்கும் அரைப் பாகம், முக்கால் பாகம் என்று வாசித்தோம். நான்காம் பாகம் இல்லாததால் அந்தக் கதையை ஆயா வாயாலேயே சொன்னாள். அச்சில் இருப்பதற்கும் அவள் சொன்னதற்கும் நிறைய வித்தியாசம் என்பது பிற்பாடு நூலகத்தில் எடுத்துப் படித்தபோது தெரிந்தது. ஆயா சொன்னதில் நந்தினிக்கு இன்னும் நாலு வார்த்தை சூடு அதிகம். மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படம் எடுத்து இங்கே வந்தபோது, என் மகள் கீழே ஓடும் ஆங்கில வரியைப் படித்துக்கொண்டு பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "அந்தப் புத்தகம் நம்ம வீட்டில் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது. ஐந்தில் நான்கு, அட்டைப்பெட்டியில், கறையான் தின்னாத மிச்சம். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, படங்களைப் பார்த்து, மேசைமேல் வைத்திருக்கிறாள். இந்த மே மாதமும் அது மேசைமேல்தான் இருக்கிறது. நான் இன்னும் கிள்ளத் தொடங்கவில்லை.

1994 கடைசியில் ஆயாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்து தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டாள். அடுத்த லீவுக்கு நான் வந்தபோது ஐந்தாம் பாகத்தில் பாதி பாக்கி. "இனிமே நீயே படிச்சிக்கலாமே ஆயா" என்றேன்.

"எங்க, எழுத்து இன்னும் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியுது. நீயே படி" என்றாள்.

மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, அரிசியிலிருந்து கடுகு அளவுக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.